மக்களைத் தேடி மருத்துவம்

மக்களைத் தேடி மருத்துவம் என்பது உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு முதலிய நாட்பட்ட நோய்களுக்கான மருந்தையும் பராமரிப்பையும் நோயாளியின் வீட்டிற்கே கொண்டுசெல்லும் தமிழ்நாடு அரசுத் திட்டமாகும். இது ஆகஸ்ட் 5, 2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் தொடங்கப்பட்டது.

தேவை

இந்நோய்களுக்குப் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் மருந்து தேவை. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாயினும், அதைப் பெறச் செல்லும் நாளில் தினக்கூலித் தொழிலாளி கூலியை இழக்க நேரிடும். வலி தெரியாததால் மருந்தை இடையில் நிறுத்துவோரும் உளர். இதனால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியன ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது.

செயல்முறை

மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பரிசோதித்து, மருத்துவர் பரிந்துரைத்த மருந்துகளை வழங்குவர். படுக்கையில் உள்ளோரைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டில் சென்று கவனிப்பர்.

மருத்துவரும் நோயாளியும்

தன்னார்வலர் மருத்துவருக்கு மாற்று அல்லர். நோயை உறுதிசெய்வதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவரின் பணியே. நோய் கட்டுப்படாதவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புவதன் மூலம், மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான தொடர்பு அறுபடாமல் காப்பவர் தன்னார்வலர் ஆவார்.

விருது

2024 ஆம் ஆண்டு இத்திட்டத்திற்கு ஐக்கிய நாடுகள் அவையின் விருது வழங்கப்பட்டது.