முற்றமும் முன்பள்ளியும்: மேடவாக்கம் வட்டாரத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் பகற்பொழுது – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தையின் பகற்பொழுது யார் பொறுப்பில் கழிந்தது என்னும் வினாவைத் தென்சென்னைப் புறநகரான மேடவாக்கத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இன்று அங்கு எதிரெதிரே நிற்கும் கட்டண முன்பள்ளியும் அரசின் அங்கன்வாடியும் ஒரே கல்விமரபின் இரு கிளைகள் என்பதையும், சட்டம் இவ்வயதுக் குழந்தையின் உணவை உரிமையாக ஏற்றுக் கவனிப்பை விருப்பமாக விட்டுவிட்டது என்பதையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: மேடவாக்கம், பெரும்பாக்கம், பால்வாடி, அங்கன்வாடி, மாண்டிசோரி, பிள்ளைத்தமிழ், முன்பருவக் கல்வி.

1. கழிக்கப்படும் எண்

இந்தியக் குடிக்கணக்கில் 0–6 வயதுக் குழந்தைகளுக்கெனத் தனி நிரல் ஒன்று உண்டு. எழுத்தறிவு விழுக்காட்டைக் கணக்கிடும்போது மொத்த மக்கள்தொகையிலிருந்து அவர்களைக் கழிக்க அந்நிரல் தேவைப்படுகிறது. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோரே எழுத்தறிவுக் கணக்கில் கொள்ளப்படுகின்றனர். பாலின விகிதத்தை ஆராய்வோரும் அந்நிரலை நாடுவர். ஆயினும், அக்குழந்தை காலை முதல் மாலை வரை எங்கிருந்தது, யார் சோறூட்டினார், யார் மடியில் உறங்கிற்று என்பதற்கு அதில் இடமில்லை.

மேடவாக்கம் இத்தகைய ஆய்வுக்குப் பொருத்தமான ஊர். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நகரமாகவும், உள்ளாட்சி அமைப்பில் புனித தோமையார் மலை ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சியாகவும் அது ஒருசேர விளங்கியது. ஏரிப்பாசனத்தை நம்பிய சிற்றூராக இருந்து, வேளச்சேரி–தாம்பரம் சாலையும் சோழிங்கநல்லூர்ச் சாலையும் சந்திக்கும் முனையாகி, 2000க்குப் பின்னர் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரிவோரின் குடியிருப்பாக மாறியது. கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு; தென்கிழக்கே பெரும்பாக்கம். ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தில் நிலத்தின் விலை, நீரின் இருப்பு, போக்குவரத்து ஆகியவை மிகுதியாகப் பேசப்பட்டுள்ளன. வீட்டிலிருக்கும் மூன்று வயதுக் குழந்தையின் பகல் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

2. சிற்றில் கட்டிய சிறுமியர்

தமிழ் இலக்கிய மரபு குழந்தையை நன்கு அறிந்தது. குழவிப் பருவத்தைப் பாடுபொருளாக்கும் வழக்கைத் தொல்காப்பியப் புறத்திணையியல் குறிக்கிறது. உணவைத் துழாவியும் மேலெல்லாம் சிந்தியும் உண்ணும் சிறு குழந்தையைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் பாடியுள்ளார். சிறுவர் உருட்டி மகிழும் தச்சர் செய்த சிறுதேர் பெரும்பாணாற்றுப்படையிலும் குறுந்தொகையிலும் இடம்பெறுகிறது. அண்மைக்காலம் வரை தமிழ்நாட்டு வீடுகளில் புழங்கிய மூன்று சக்கர நடைவண்டியும் தச்சர் கைவேலையே.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழோடு தனி இலக்கிய வகையாக நிலைபெற்ற பிள்ளைத்தமிழ், குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரையிலான காலத்தை அதற்குரியதாகக் கொள்ளும் பாட்டியல் மரபு ஒன்றுண்டு. கையூன்றித் தலை நிமிர்த்தும் செங்கீரை, தாலாட்டுக்குரிய தால், கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை ஆகியவற்றில் குழந்தையை நோக்கிப் பேசுவோர் தாயும் செவிலியும் ஆவர். அம்புலிப் பருவத்தில் சாமம், பேதம், தானம், தண்டம் ஆகிய நால்வகை உபாயங்களாலும் நிலவை விளையாட அழைப்பர். அரசியல் நூலுக்குரிய உத்தியை மடியிலிருக்கும் குழந்தைக்காகப் பயன்படுத்திய புலவரின் நகைச்சுவை தனித்துப் போற்றத்தக்கது.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பகுதியில் வரும் சிற்றில் பருவத்தில் இந்நிலை மாறுகிறது. அங்கே பேசுவோர் தெருவில் மணல்வீடு கட்டி விளையாடும் சிறுமியர். தம் சிற்றிலைச் சிதைக்க வேண்டா என அவர்கள் வேண்டுகின்றனர். குழந்தை வீட்டு வாயிலைத் தாண்டிவிட்டது; தாய் காட்சியில் இல்லை. பாட்டுடைத் தலைவன் கடவுளாகவோ அரசனாகவோ இருப்பதால் இதனைச் சமூக ஆவணமாக நேரடியாகக் கொள்ளல் பொருந்தாது. ஆனால் நடக்கக் கற்ற குழந்தையின் பகல் சற்றே மூத்த சிறுமியரின் நடுவே கழிந்தது என்னும் குறிப்பு அதில் உண்டு. தங்கையை இடுப்பில் சுமந்தபடி திரியும் அக்காவைத் தமிழகச் சிற்றூர்கள் நன்கறியும். நடவுக்கும் களையெடுப்புக்கும் தாய் சென்ற நாட்களில் வரப்போர மரத்தில் கட்டிய தூளியை ஆட்டியவள் அவளே. பெண்பிள்ளைகள் பள்ளியிலிருந்து இடைநின்றமைக்கு வறுமை காரணமாகச் சொல்லப்படுகிறது. அவ்வறுமை அன்றாடத்தில் எடுத்த வடிவங்களுள் ஒன்று இடுப்பிலிருந்த தம்பியோ தங்கையோதான்.

3. 'பால்வாடி' என்னும் சொல்

தமிழ்நாட்டில் அங்கன்வாடியைப் 'பால்வாடி' என அழைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. பால் கொடுக்கும் இடம் என மக்கள் இதற்குப் பொருள் கொள்வது இயல்பே. ஆனால் இச்சொல்லின் முதற்பகுதி குழந்தை எனப் பொருள்படும் 'பால்' என்னும் வடநாட்டுச் சொல். 'அங்கன்வாடி'யில் உள்ள 'அங்கன்' முற்றத்தைக் குறிக்கும். முற்றம் என்னும் அழகிய தமிழ்ச்சொல் இருக்க அதனை எவரும் பயன்படுத்தாதது ஒரு வியப்பே.

இவ்விரு சொற்களின் வழி சென்றால் மகாராட்டிரத்தின் கடலோரச் சிற்றூரான போர்டியையும், 1945இல் அங்கு ஊரகக் குழந்தைக் கல்விப் பணியைத் தொடங்கிய தாராபாய் மோடக்கையும் அடையலாம். அவர் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் பணியாற்றியவர். கிஜுபாய் 1920இல் தொடங்கிய பால மந்திரோ மரியா மாண்டிசோரியின் முறையைத் தழுவியது. விலை உயர்ந்த கருவிகளை வாங்க இயலாத சிற்றூர்களில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு அம்முறையைச் செயற்படுத்துவதே மோடக்கின் முயற்சி; குழந்தைகள் வர இயலாவிடின் அவர்களது முற்றத்துக்கே ஆசிரியை செல்ல வேண்டும் என்பது அவர் கண்ட வழி.

மாண்டிசோரி தாமே 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்தார்; மேடவாக்கத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவு. சில மாதப் பயிற்சி வகுப்புக்கென வந்தவரை உலகப்போர் தடுத்து நிறுத்தியது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பகைநாட்டவராகி, அடையாற்றுச் சபை வளாகத்துக்குள்ளேயே இருக்கப் பணிக்கப்பட்டார். மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டு, மாண்டிசோரியின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். பிறகு சில ஆண்டுகள் கொடைக்கானலில் பணி தொடர்ந்தது. அவரது புகழ்பெற்ற நூல்களுள் ஒன்றான 'உள்வாங்கும் மனம்' 1949இல் அடையாற்றிலிருந்தே ஆங்கிலத்தில் வெளிவந்தது.

மேடவாக்கம், பள்ளிக்கரணை, சித்தாலப்பாக்கம் பகுதிகளின் முன்பள்ளிப் பெயர்ப்பலகைகளில் மாண்டிசோரியின் பெயரைக் காண்பது எளிது. பலகைக்கும் முறைக்கும் உள்ள உறவு பள்ளிக்குப் பள்ளி வேறுபடும் என்பதைக் கூறத் தேவையில்லை. இங்கு நோக்கத்தக்கது வேறொன்று. மாண்டிசோரியின் முதல் 'குழந்தைகள் இல்லம்' 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரன்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பின் தரைத்தளத்தில் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்து விடப்பட்ட குழந்தைகள் சுவர்களைப் பாழ்படுத்தியதால், கட்டட உரிமையாளர் அமைப்பு அவர்களை ஓரிடத்தில் இருத்த விரும்பியது. சுவரைக் காக்கும் எண்ணத்திலிருந்து உலகின் பெயர்பெற்ற கல்விமுறை ஒன்று பிறந்தது.

சான் லொரன்சோவுக்கு ஒப்பான இடத்தை மேடவாக்கம் வட்டாரத்தில் தேடினால், அது கட்டண முன்பள்ளி உள்ள வளாகம் அன்று. பெரும்பாக்கம் எழில் நகர்தான்.

4. சாலையின் இரு முனைகள்

அடையாறு, கூவம் கரையோரங்களிலிருந்தும் நகரின் பிற பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டன. 2015 பெருவெள்ளத்துக்குப் பின் அவ்வெண்ணிக்கை விரைந்து பெருகியது. திட்டமிடப்பட்ட வீடுகள் 20 ஆயிரத்துக்கும் மேல். சிந்தாதிரிப்பேட்டை போன்ற பழைய இடங்களுக்கும் இதற்கும் இடையே 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு உண்டு. தாய் வீட்டுவேலை செய்த தெரு அங்கேயே இருக்க, குழந்தை மட்டும் இங்கு வந்துவிட்டது. பழைய தெருவில் பாட்டியும் சித்தியும் பக்கத்து வீட்டாரும் பகிர்ந்துகொண்ட கவனிப்பு, குலுக்கல் முறையில் வெவ்வேறு கட்டடங்களும் தளங்களும் ஒதுக்கப்பட்டபோது சிதறியது. மறுகுடியமர்வு குறித்த விவாதங்கள் வேலையிழப்பையும் பள்ளி இடைநிற்றலையும் சரியாகவே முன்வைத்தன. பள்ளிக்கு முந்தைய குழந்தையின் இழப்பு பதிவேடு எதிலும் சேராததால் அவ்விவாதங்களில் மங்கியே காணப்படுகிறது.

அதே சாலையின் மேடவாக்க முனையில் இருவரும் பணிக்குச் செல்லும் இளம் பெற்றோர். இவர்களும் ஒருவகையில் உறவிடம் விட்டு வந்தவர்களே. மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் பாட்டி சில மாதங்கள் வந்து தங்கிச் செல்வார். எஞ்சிய மாதங்களுக்கு முன்பள்ளியும், அதனையொட்டிய பகல்நேரக் காப்பகமும், வீட்டோடு குழந்தை பார்க்க வரும் பெண்ணும். அப்பெண்ணுக்கும் வீட்டில் ஒரு குழந்தை இருக்கக்கூடும். இவ்விரு முனைகளையும் இணைக்கும் சாலையில்தான் 2022 ஜனவரியில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய வளாகம் திறக்கப்பட்டது. பிள்ளைத்தமிழை ஆராய்வோரும் பிள்ளை வளர்ப்போரும் இன்று ஒரே பேருந்தில் பயணிக்கின்றனர்.

இவ்வடுக்குமாடிகளைக் கட்டிய தொழிலாளரின் குழந்தைகளையும் மறத்தலாகாது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் கட்டுமானத் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம். ஒப்பந்தக்காரர் பலராகப் பிரிந்து ஆட்களை அமர்த்தும் தொழிலில் அந்த எண்ணிக்கையை எட்டாமலே இருத்தல் எளிதாக இருந்தது.

5. உணவு உரிமை, கவனிப்பு விருப்பம்

அரசு இவ்வயதுக் குழந்தையை முதலில் உடலாகவே கண்டது. 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. 1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முன்னோட்டமாக நடைமுறைக்கு வந்தது. மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு, எடை ஏறாதவர்க்கு மட்டும் சத்துருண்டை வழங்கி, தேறியதும் நிறுத்துவது அதன் முறை. இதற்கு நேர்மாறானது 1982 ஜூலை 1 அன்று பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம். இரண்டு வயது நிரம்பிய ஊரகக் குழந்தைகள் அனைவருக்கும் சோறு என்றது அது. அதே செப்டம்பரில் நகரங்களுக்கும் விரிந்தது. எடைபோட்டுத் தேர்ந்து ஊட்டும் திட்டத்தின் சிக்கனத்தை வல்லுநர் பாராட்டினர், அனைவருக்கும் ஊட்டும் திட்டத்தைச் செலவு மிக்கதெனக் குறை கூறினர். காலத்தில் நிலைத்தது பின்னதே. சோற்றுக்காகத் திறந்த கூடம் பகலில் குழந்தை இருக்கவும் ஓர் இடமாயிற்று என்பதை எடைக்கணக்கு காட்டாது, தாய்மார் அறிந்திருந்தனர்.

சட்டத்தின் போக்கும் இவ்வாறே. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 45ஆம் உறுப்பு, பதினான்கு வயது நிரம்பும் வரை 'எல்லாக் குழந்தைகளுக்கும்' பத்தாண்டுகளுக்குள் கட்டாய இலவசக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்றது. கீழ்வயது வரம்பு அதில் இல்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. ஆறுக்குட்பட்டோரைத் திருத்தப்பட்ட 45ஆம் உறுப்பில், அரசு முயல வேண்டிய நெறியாக விட்டது. உரிமையை வென்ற திருத்தமாகவே இது கொண்டாடப்படுகிறது. வெற்றியின் எல்லைக்கு வெளியே ஆறு ஆண்டுகள் நின்றன என்பதையும் உடன் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறது. 'வேண்டும்' என்பதற்கும் '-லாம்' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை இலக்கணம் கற்றோருக்கு விளக்க வேண்டுவதில்லை.

உணவின் நிலை வேறு. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 முதல் பிறப்பித்த ஆணைகளும், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு கோரினால் அங்கன்வாடி அமைக்க வேண்டும் என்ற 2006 டிசம்பர் ஆணையும், 2013ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து உணவை வழக்காடிப் பெறத்தக்க உரிமையாக்கின. தமிழ்நாட்டின் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இந்த அடித்தளத்தில் நிற்கின்றன. அவற்றில் பணிபுரியும் பெண்களுக்கு மாநில அரசு சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்குகிறது. ஆயினும் நாடளாவிய சட்டநோக்கில் அவர்கள் பெறுவது மதிப்பூதியமே. பணிக்கொடைக்கு அவர்கள் உரியர் என்று உச்ச நீதிமன்றம் கூற 2022 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது. அடுக்குமாடியில் குழந்தை பார்க்கும் பெண்ணுக்கு அத்தகைய தீர்ப்பும் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் காப்பகம் அமைக்க வேண்டும் என்ற 2017ஆம் ஆண்டு மகப்பேற்றுப் பயன் திருத்தச் சட்டம், அவரை அமர்த்திய தாயின் அலுவலகத்துக்குப் பொருந்தியது, அவருக்குப் பொருந்தவில்லை.

6. இரு கிளைகள் சந்திக்கும் இடம்

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் அமைந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை மாநில அரசு தொடங்கியது. கட்டண முன்பள்ளியின் பெயர்களையே அரசும் எடுத்துக்கொண்டது கருதத்தக்கது. மழலையர் வகுப்பு என்ற சொல் அதற்குரிய ஈர்ப்பைத் தரவில்லை போலும். 2022 ஜூனில் இவற்றை மீண்டும் அங்கன்வாடிகளிடமே ஒப்படைக்கும் முடிவு வெளியாகி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தவர்கள் கட்டணம் செலுத்த இயலாத பெற்றோர் பக்கம் நின்றனர். சோறும் எடையும் போதா, எழுத்தும் வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

மற்றொரு வழி கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. தனியார் பள்ளி முன்பருவ வகுப்பு நடத்துமாயின் 25 விழுக்காட்டு இடஒதுக்கீடு அவ்வகுப்புக்கும் பொருந்தும். முதல் வகுப்பு இல்லாத தனி முன்பள்ளிகள் இவ்வரம்பினுள் வருவதில்லை. மெட்ரிகுலேஷன் பள்ளியின் எல்.கே.ஜி. வரும். ஆகவே பெரும்பாக்கத்துக் குழந்தை மேடவாக்கத்துக் குழந்தையோடு ஒரே பாயில் அமர்வதற்குச் சட்டம் திறந்த ஒரே கதவு இதுதான். அதற்கும் பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருத்தல் முன்னுரிமைக்கு வேண்டும், விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கலும் உண்டு. 2025–26ஆம் கல்வியாண்டில் ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான நிதிப் பூசலால் இச்சேர்க்கை ஜூனில் நடைபெறவில்லை. அக்டோபரில் அது மீண்டும் தொடங்கியபோது எல்.கே.ஜி. வகுப்புகள் நான்கு மாதங்களாக நடந்துகொண்டிருந்தன.