உச்சிப்பொழுதும் உணவும்: திரியாய்க் கல்வெட்டை முன்வைத்து ஒரு நோக்கு

சமயநூல்கள் எதனை உண்ணலாம் என விதிப்பதைப் பலரும் ஆராய்ந்துள்ளனர். எப்பொழுது உண்ணலாம் என விதிப்பதை ஆராய்ந்தோர் சிலரே. சமூக வரலாற்றை நோக்குவோர்க்குப் பின்னதே கூடுதற் பயனுடையது. வேளையை வரையறுக்கும் விதி, உணவை ஆக்குவோர் யார், ஆக்காது உண்போர் யார் என்னும் வினாவை உடன் எழுப்பிவிடுகின்றது.

திருகோணமலைக்கு வடக்கே, திரியாயில் ஊரவர் கந்தசாமி மலை என வழங்கும் குன்றிலே, கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டொன்று உள்ளது. கி.பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. திரபுஸ்ஸகர், வல்லிககர் என்னும் வணிகக் கணத்தார் கிரிகண்டிச் சைத்தியத்தை நிறுவினர் என அது கூறும். இப்பெயர்கள் பௌத்தர்க்குப் புதியனவல்ல. ஞானம் பெற்ற புத்தருக்கு முதலுணவாக மாவும் தேனுருண்டையும் ஈந்தோர், உக்கல நாட்டிலிருந்து வந்த தபுஸ்ஸன், பல்லிகன் என்னும் வணிகர் இருவர் என மகாவக்கம் சொல்லும். ஏற்றுக்கொள்ளப் புத்தரிடம் கலம் இல்லாமையால் திசைகாவலர் நால்வரும் கற்கலங்கள் கொணர்ந்தனராம். கதையில் இருவர், கல்வெட்டிலோ ஒரு கணம். கீழைக் கடலோரத்து வணிகர் தம் பெயரை முதலுணவு ஈந்தோர் பெயரோடு பிணைத்தமை வெறும் பக்தியன்று. ஈகையினூடாக உபரிச் செல்வம் மதிப்பைப் பெற்றுக்கொள்ளும் முறை அது.

அந்த உணவைப் பிக்கு எப்பொழுது உண்ணலாம்? நண்பகல் கடந்தபின் உண்ணலாகாது, ஒருவர் கொடாததை உண்ணலாகாது, மறுநாளைக்கெனச் சேமித்து உண்ணலாகாது என விநயம் விதிக்கும். மச்சிம நிகாயத்தில் உதாயி என்னும் பிக்கு இவ்விதியின் பின்னணியை நினைவுகூர்கிறார். காரிருளிற் பிச்சைக்குச் சென்ற அவரை மின்னலொளியிற் கண்ட பெண்ணொருத்தி, பேயென அஞ்சி அலறுகிறாள். பிக்கு எனத் தெரிந்ததும், வயிற்றுக்காக இருளில் அலைவதினும் அவ்வயிற்றைக் கத்தியால் அறுத்துக்கொள்வது நன்று என வைகிறாள். அவள் அப்பொழுது கலம் கழுவிக்கொண்டிருந்தாள் என்பது மனங்கொளத்தக்கது. பகலெல்லாம் உழைத்து, அடுப்பணைத்து, கலம் கவிழ்க்கும் வேளையில் வாசலில் வந்து நிற்கும் பாத்திரம் அவளுக்குப் பெருஞ்சுமை. துறவொழுக்கமாக ஏட்டில் நிற்கும் விதிக்குள் அவளது சினமும் உறைந்து கிடக்கிறது.

விதி எளிதில் நிலைபெறவில்லை. புத்தருக்கு ஒரு நூற்றாண்டின் பின் வைசாலியிற் கூடிய சங்கம் விவாதித்த பத்துப் பொருள்களுள், நிழல் இரு விரல் சாய்ந்தபின்னும் உண்ணலாமா என்பதும் ஒன்று. உண்ணலாகாது என்றே தீர்ப்பாயிற்று.

யூத சமயச் சட்டத்தில் வேளைவிதி வேறு முகங்கொள்கிறது. வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்கியதும் திராட்சை மதுவின்மீது 'கித்தூஷ்' கூறுமுன் உண்ணலாகாது. ஓய்வுநாள் முடிந்தபின் 'ஹவ்தாலா' கூறுமுன்னும் உண்ணலாகாது. பாபிலோனியத் தல்மூதின் பெசாகிம் பகுதி அமேமார் என்னும் அறிஞரைப் பற்றிச் சொல்கிறது. அவர் சென்றிருந்த ஊரில் திராட்சை மது இல்லை, பியர் கொணர்ந்தனர். அதன்மீது ஹவ்தாலா கூற மறுத்து, இரவு முழுதும் உண்ணாதே படுத்தார். மறுநாள் ஊரார் பாடுபட்டு மது தேடினர். அடுத்த ஆண்டும் மது கிட்டவில்லை. அப்பொழுது, இதுவே இந்நாட்டின் மதுவெனக் கூறி, பியரின்மீதே சடங்கை முடித்து உண்டார். நிலத்தின் விளைவு சட்டத்தை வளைத்தது எனலாம். ஆயின் இங்கே காத்திருப்பவர் வீட்டுணவை உண்ணும் இல்லறத்தார். விநயத்தின் பிக்குவோ பிறர் அடுப்பை நம்பியவர். அதனாலேயே அவரது விதிக்குச் சமைப்போரின் நேரமும் உட்பட வேண்டியிருந்தது.

சமைப்போரை ஈழத்துச் சாசனங்கள் முற்றாக மறைத்துவிடவில்லை. 10ஆம் நூற்றாண்டில் 4ஆம் மகிந்தன் மிகிந்தலையிற் பொறித்த கற்பலகைகள் விகாரையின் சமையலாளர்க்கும் பிற பணியாளர்க்கும் உரிய படிகளை விரித்துரைக்கின்றன. திரியாய்க் கல்வெட்டு அவ்வாறன்று. வணிகரின் புண்ணியத்தையும் போதிசத்துவர் புகழையும் பாடும் அது, உச்சிக்கு முன் சோறு வடித்தவரைப் பேசாது. 1985இல் எரியுண்டு, மக்கள் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டும் குடியேறிய இவ்வூரில், இன்று இக்குன்று காணித் தகராறுகளுக்குள் இழுக்கப்படுகிறது. இரு தரப்பினரும் அதனைத் தத்தம் இனத்தின் உறுதிப்பத்திரமாகக் காட்ட முனைகின்றனர். கல்லில் உள்ள வாசகமோ வடமொழி, எழுத்துப் பல்லவர் சார்பினது, பேசப்படுவோர் வணிகர்.