தோகைக்குள் இரண்டு பச்சை

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழநிப் பஞ்சாமிர்தம் வரை போகிறது. அந்த இனிப்பின் தொடக்கம் கரும்புத் தோகையில் இருக்கிறது.

கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-இல் தொடங்கியது. வடக்கே சரியாகப் பூக்காத கரும்பு இங்கே நன்றாகப் பூத்து விதை தந்தது. இடம் தேர்வானதற்கு அதுவே காரணம். அங்கே ஆய்வு செய்த பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் தடித்த கரும்பைப் பேய்க்கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205, 1918-இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. 1930-களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இங்கேயே கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார்.

இவர்கள் கையாண்ட தோகைக்குள் ஓர் அதிசயம் ஒளிந்திருந்தது. தோகையைக் குறுக்கே சீவிப் பார்த்தால் ஒவ்வொரு நரம்பையும் பெரிய செல்கள் வளையமாகச் சூழ்ந்திருக்கும். வெளிச்செல்களின் பசுங்கணிகங்களில் சவ்வுகள் அடுக்கிவைத்த தோசைகளாக நிற்கின்றன. வளையச் செல்களிலோ அடுக்கே கிடையாது. சவ்வுகள் தனித்தனியாக, நீளவாக்கில் ஓடுகின்றன. 1960-களில் வெளியான எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் இதைக் காட்டின. 1965-இல் ஹவாய் ஆய்வாளர்கள் கரும்பு கரியமில வாயுவை முதலில் நான்கு கார்பன் அமிலமாகப் பிடிப்பதை வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் முழுப் பாதையையும் விளக்கினார்கள்.

அடுக்குச் சவ்வுகளில்தான் ஆக்சிஜன் அதிகம் உண்டாகிறது. கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கத் தொடங்கும் ருபிஸ்கோ நொதியின் வேலையை அது கெடுக்கும். அடுக்கில்லாத வளையச் செல்லில் அந்தத் தொல்லை குறைவு, கரியமில வாயுவும் செறிவாகச் சேர்கிறது. குளத்துப் பச்சைப்பாசியான கிளாமிடோமோனாஸ் வாயுவைச் செறிவாகச் சேர்க்கும் இந்த வேலையை ஒரே செல்லுக்குள் சாதிக்கிறது: ருபிஸ்கோ திரண்ட பைரினாய்டுக்குள் சவ்வுக் குழாய்கள் நுழைந்து வாயுவைக் கொண்டு சேர்க்கின்றன.