முகமே தெரியாத எதிராளியை 'படிப்பது' எப்படி? ஆன்லைன் போக்கரில் 'ரீட்' என்றால் என்ன? முழு விளக்கம்

சினிமாவில் வரும் போக்கர் காட்சி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எதிரே இருப்பவரின் கண் துடிக்கும், விரல் நடுங்கும், ஹீரோ அதை வைத்தே அவர் கையில் என்ன சீட்டு என்று கண்டுபிடிப்பார். ஆனால் ஆன்லைனில் எதிரே இருப்பது ஒரு பெயரும் சின்ன படமும் மட்டும்தான். அப்படி இருந்தும் எதிராளியை 'படிக்க' முடியும் என்கிறார்கள் ஆட்டக்காரர்கள். எப்படி? அந்தக் கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்? பார்க்கலாம்.

'ரீட்' என்றால் என்ன?

போக்கரில் அதிகம் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் ரகசியமாக 2 சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக மேசையில் 5 சீட்டு. இடையிடையே பந்தயச் சுற்றுகள். எதிராளியின் 2 சீட்டு தெரியாது. ஆனால் அவர் எப்போது பந்தயம் கட்டுகிறார், எவ்வளவு கட்டுகிறார், எப்போது ஒதுங்குகிறார் என்பதெல்லாம் தெரியும். இதை வைத்து அவர் கையில் என்ன இருக்கலாம் என்று கணிப்பதுதான் 'ரீட்'.

ஒரே சீட்டைக் குறிவைத்து 'அவர்கிட்ட ஏஸ்தான் இருக்கு' என்று அடித்துச் சொல்வது ரீட் இல்லை. இந்தச் சூழலில் இவர் எந்தெந்த சீட்டுகளோடு இப்படி ஆடுவார் என்று ஒரு பட்டியலை மனதில் போட்டு, சுற்றுக்குச் சுற்று அதைச் சுருக்குவதுதான் சரியான முறை.

முகம் இல்லாத இடத்தில் எதைப் பார்ப்பார்கள்?

* எத்தனை கையில் இறங்குகிறார்: தானாக விரும்பிப் பணம் போட்டு ஆட்டத்துக்குள் வரும் சதவீதத்தை 'வி.பி.ஐ.பி.' என்பார்கள். 6 பேர் மேசையில் தேர்ந்த ஆட்டக்காரருக்கு இது பெரும்பாலும் 20 முதல் 30-க்குள் இருக்கும். 50-ஐத் தாண்டினால், கிடைத்த சீட்டையெல்லாம் வைத்து ஆடுகிறார் என்று அர்த்தம்.
* எப்படி இறங்குகிறார்: பந்தயத்தை உயர்த்தி இறங்குகிறாரா, அடுத்தவர் கட்டியதற்குச் சமமாக மட்டும் போடுகிறாரா என்பது இரண்டாவது தடயம்.
* பந்தயத்தின் அளவு: நல்ல சீட்டு வந்தால் பெரிதாகவும், சுமாராக இருந்தால் சின்னதாகவும் கட்டுபவர் தன்னையே காட்டிக்கொடுக்கிறார்.
* எடுக்கும் நேரம்: ஒரு நொடிகூட யோசிக்காமல் 'கால்' அழுத்தினால், பெரும்பாலும் நடுத்தர சீட்டு. ரொம்ப நல்ல சீட்டு என்றால் உயர்த்தலாமா என்று கொஞ்சமாவது யோசித்திருப்பார். ஆனால் இது பலவீனமான தடயம். நெட் மெதுவாக இருந்தாலும் தாமதம் வரும்தானே!

இந்த எண்களைத் தானாகவே கணக்கிட்டுத் திரையில் காட்டும் மென்பொருள்களும் உண்டு. சில தளங்கள் அவற்றைத் தடை செய்திருக்கின்றன.

ரீட் முடிவை எப்படி மாற்றும்?

ஒரு கணக்கு. மேசை நடுவில் 1,000 சிப்ஸ் இருக்கிறது. கடைசிச் சுற்றில் எதிராளி 500 கட்டுகிறார். உங்கள் சீட்டு சுமார்தான். அவர் 'பிளஃப்', அதாவது ஒன்றும் இல்லாமல் மிரட்டினால் மட்டுமே நீங்கள் ஜெயிப்பீர்கள்.

500 போட்டு 1,500-ஐ வெல்லப் பார்க்கிறீர்கள். இதே சூழல் 4 முறை வந்து, 3 முறை தோற்றால் 1,500 போகும். ஒரு முறை ஜெயித்தால் 1,500 வரும். ஆக, அவர் 4-ல் ஒரு முறைக்கு மேல் பிளஃப் செய்பவர் என்றால் கட்டலாம். அதைவிடக் குறைவு என்றால் சீட்டைக் கவிழ்த்துவிடலாம். சீட்டும் அதேதான், பந்தயமும் அதேதான். எதிரே இருப்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சரியான முடிவு மாறுகிறது.

எங்கே தப்பு நடக்கும்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். உண்மையில் 25 சதவீத கைகளில் மட்டும் இறங்கும் ஒருவரை 20 கைகள் கவனிக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த 20-ல் அவர் 3 முறையும் இறங்கியிருக்கலாம், 7 முறையும் இறங்கியிருக்கலாம். ஒன்று 15 சதவீதம், இன்னொன்று 35 சதவீதம். ஒரே ஆள், இரண்டு வேறு 'குணம்'! 1,000 கைகள் பார்த்தால்தான் அந்த எண் பெரும்பாலும் 22-க்கும் 28-க்கும் நடுவில் வந்து நிற்கும்.

ரீட் சரியாகவே இருந்தாலும் அந்தக் கையில் ஜெயிப்பது நிச்சயம் இல்லை. இரண்டு ஏஸ் வைத்திருப்பவர், இரண்டு கிங் வைத்திருப்பவரிடம்கூட 100-ல் சுமார் 18 முறை தோற்பார். 'ஆளைப் புரிஞ்சுக்கிட்டேன், விட்டதைப் பிடிச்சிடுவேன்' என்று ஒரே ராத்திரியில் தொடர்ந்து ஆடுபவர் நம்புவது ரீடை இல்லை, அதிர்ஷ்டத்தை.

எதிரே இருப்பது மனிதர்தானா?

2019-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய 'புளூரிபஸ்' என்ற ஏ.ஐ., 6 பேர் ஆட்டத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. அது எதிராளிக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை. தன் ஆட்டத்தை யாரும் படிக்க முடியாதபடி சமநிலையாக ஆடியே ஜெயித்தது. இப்படி ஆடும் ஒரு மென்பொருள் பொய்ப் பெயரில் எதிரே உட்கார்ந்தால், படிப்பதற்குப் பலவீனமே கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. எதிராளியைக் கணிப்பது திறமை என்பது ஆட்ட நிறுவனங்கள் தரப்பு வாதம். 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகளாக ஏற்று, அவற்றின் மீது தமிழ்நாடு அரசு விதித்த தடையை ரத்து செய்தது. பிறகு 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடத் தடை, ஆதார் சரிபார்ப்பு போன்ற கட்டுப்பாடுகளை மாநில ஆணையம் கொண்டுவந்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த வேறுபாட்டையே ஓரம் கட்டியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை.

சுருக்கமாகச் சொன்னால்...

எதிராளியைப் படிப்பது உண்மையான திறமைதான். ஆனால் அது பலன் தருவது ஆயிரக்கணக்கான கைகளில். ஒரு ராத்திரியில் சீட்டுதான் பேசும். பணம் இல்லாத இலவச ஆட்டத்தில் பழகிப் பார்ப்பவர்கள் முதலில் எழுதி வைக்க வேண்டியது, தங்கள் கணிப்பு எத்தனை முறை தப்பாகப் போனது என்பதைத்தான்.