ஆவிக்கு ஒரு வழி

நம் அடுக்களையிலுள்ள அமுக்கச் சமையற்கலத்தின் மூதாதையை 1679ஆம் ஆண்டில் இலண்டன் ரோயல் கழகத்தார்க்குக் காட்டியவர், பிரான்சில் பிறந்த டெனிஸ் பாப்பின் என்பார்.

இறுக மூடிய கலத்துள் நீராவி திரண்டு அமுக்கம் ஏறுங்கால், நீர் மிகுந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கடின எலும்பும் மென்மையாகும். ஆயின், ஆவிக்கு வழியின்றேல் கலமே வெடித்துவிடும் அன்றோ? ஆகவே, நெம்புகோலும் நிறையும் கொண்ட காப்பு வால்வொன்றை அவர் அமைத்தார். அமுக்கம் அளவு மீறின் வால்வு உயரும், ஆவி வெளியேறும்.

1681இல் வெளிவந்த அவரது நூல், கலத்தின் அமைப்பையும், சமையல், இனிப்புப் பண்டம், பானம், சாயமிடல் முதலாய பயன்களையும் விளக்கிற்று. கருவியைத் தந்தவரே அதைக் கையாளும் முறையையும் கற்பித்தார்.

மூடுமுன் ஆவித் துவாரத்தில் அடைப்பில்லையெனப் பார்த்தலும், ஆவி முற்றும் அடங்கிய பின்னரே திறத்தலும் இன்றும் நமக்குக் காப்பாகும்.