எழுதப்பட்டோரும் எழுதப்படாதோரும்

தம் முன்னோர் யாவர், அவர் எவ்வூரினர் என்று அறிய விழைதல் மக்கட்கு இயல்பு. செம்பூரிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் இவ்விழைவு எழுவது வியப்பன்று. ஆயினும், பாட்டனாரின் பெயரைச் சொல்ல வல்ல இளைஞர் பலர், அவர்தம் தந்தையின் பெயரைக் கேட்டால் விடையறியாது நிற்பர்.

கடல் கடந்து சென்ற தமிழரின் நிலை இதனின் வேறானது. 1860-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர் சென்றனர். 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவருள் பெரும்பாலோர் சென்னையிற் கப்பலேறியவர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியன கப்பற் பட்டியலில் எழுதப்பட்டன. அவற்றின் துணைகொண்டே இன்று டர்பனில் வாழும் ஒருவர், வட ஆர்க்காட்டிலோ செங்கற்பட்டிலோ உள்ள தம் மூதாதையரின் சிற்றூரைத் தேட முடிகிறது. மொரீஷியஸ் தீவிலும் மோக்கா நகரின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இத்தகைய பதிவேடுகள் பேணப்படுகின்றன.

இப்பதிவுகள் அன்பினால் எழுந்தவை அல்ல. கூலியாள் ஓடிப்போனால் பிடிப்பதற்கும், ஒப்பந்தக் காலத்தைக் கணக்கிடுவதற்கும் எழுதப்பட்டவை. அந்நாளில் பம்பாய் எனப்பட்ட மும்பைக்கு வந்த தமிழரோ அவ்வாறு கட்டுண்டவரல்லர். 1871-இல் சென்னை, பம்பாய் இருப்புப்பாதைகள் ராய்ச்சூரில் இணைந்தன. அதன்பின் பயணச்சீட்டு வாங்கியவர் வந்திறங்கினர். அவர் பெயரை எழுதுவார் எவருமிலர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரும், அலுவலகங்களில் எழுத்தராய் அமர்ந்தோரும் இவ்வாறே வந்தனர். கட்டின்றி வந்தமையால் பதிவுமின்றி வந்தனர்.

ஆதலின் நாம் தேட வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது, பெயர். தலைப்பெழுத்து இரண்டிருப்பின், பெரும்பாலும் ஒன்று ஊரையும் மற்றொன்று தந்தையையும் குறிக்கும். மராட்டிய மாநிலப் படிவங்களில் குடும்பப் பெயர் கேட்கப்படுவதால், தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ அவ்விடத்தில் நிரப்பினோர் பலர். பழைய பள்ளிச் சான்றிதழைப் புதியதோடு ஒப்பிட்டால் மறைந்த ஊர் வெளிப்படக் கூடும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் என மருவிற்று. ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வருமாதலின், இருவரை ஒருவராகக் கொண்டு மயங்குதல் கூடாது.

இரண்டாவது, சொந்த ஊர் ஆவணங்கள். சார்பதிவாளர் அலுவலகத்திலுள்ள பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று, மூன்று தலைமுறையினரை ஒருங்கே காட்டவும் கூடும். கிறித்தவக் குடும்பத்தார்க்குத் திருமுழுக்குப் பதிவேடு உண்டு; பாளையங்கோட்டைச் சபையில் 1780-லேயே 40 பேரின் பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டது. குலதெய்வக் கோயில் எங்குள்ளது என்று அறிந்தால், அங்குக் கூடும் பங்காளிகள் வழியாக மேலும் பல செய்திகள் கிட்டும்.

இவற்றுள்ளும் விடுபட்டோர் உளர். கப்பற் பட்டியலில் பெண்ணுக்கும் தனி எண் உண்டு. நம் நிலப் பத்திரங்களிலோ பாட்டியின் பெயர் அருகியே காணப்படும். நிலமே இல்லாதார்க்குப் பத்திரமும் இல்லை. இவர்தம் வரலாறு முதியோர் நினைவில் மட்டுமே தங்கியுள்ளது. பாட்டியின் தாய் பெயர் என்ன, அவர் பிறந்த ஊர் யாது, முதலில் இரயிலேறி வந்தவர் யார் என்பவற்றைக் கேட்டு, சொன்னவர் பெயரையும் நாளையும் சேர்த்து எழுதி வைத்தல் வேண்டும்.

நம் முன்னோர் பெயரைக் குறிக்க எந்த எழுத்தரும் இரயில் நிலையத்தில் நிற்கவில்லை. அப்பணி நம்முடையது. முதியோர் நம்மோடு இருக்கும் காலத்திலேயே அதனைச் செய்து முடித்தல் நம் கடன்.