ஷெர்வுட் ரேஞ்சர்ஸ் யோமன்ரி: ஒரு டாங்கிப் படையின் நினைவு மரபு

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த தன்னார்வக் குதிரைப்படை. முழுப்பெயர் நாட்டிங்ஹாம்ஷயர் யோமன்ரி (ஷெர்வுட் ரேஞ்சர்ஸ்). இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையாக மாறி, எகிப்தின் எல் அலமைன் தொடங்கி வடஜெர்மனி வரை போரிட்டது. இப்படையில் இறந்தவர்களை உடனிருந்தோர் எப்படி அடக்கம் செய்தார்கள், யார் அவர்களைப் பற்றி எழுதி வைத்தார்கள், அவர்களது பெயர்கள் எங்கெங்கே பொறிக்கப்பட்டுள்ளன என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

தோற்றமும் முதல் உலகப் போரும்

பிரெஞ்சுப் படையெடுப்பு பற்றிய அச்சம் நிலவிய 1794-இல் இப்படையின் வேர் உள்ளது. நிலவுடைமையாளர்களும் குத்தகை விவசாயிகளும் சொந்தக் குதிரைகளோடு இதில் சேர்ந்தனர். தென்னாப்பிரிக்கப் போருக்கும் இங்கிருந்து வீரர்கள் சென்றனர்.

1915 ஆகஸ்ட் 21 அன்று கலிப்போலியில் குதிரையின்றிக் காலாட்களாகத் தாக்குதலுக்குச் சென்றபோது, படைத்தலைவர் சர் ஜான் மில்பாங்க் கொல்லப்பட்டார். தென்னாப்பிரிக்காவில் விக்டோரியா சிலுவை பெற்றவர் அவர். அவருக்கெனத் தனிக் கல்லறை இல்லை. கல்லறை அறியப்படாதோருக்கான ஹெல்லெஸ் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் உள்ளது.

பாலைவனக் காலம்

1940-இல் குதிரைகளோடு பாலஸ்தீனம் சென்ற படை, விரைவில் அவற்றை இழந்தது. சில காலம் டோப்ருக்கிலும் கிரீட் தீவிலும் கடலோரப் பீரங்கிகளை இயக்கியது. 1941-இல் டாங்கிகளுக்கு மாறியது. 1942 ஆகஸ்ட் இறுதியில் ஆலம் ஹல்பாவிலும், அக்டோபர் 23-இல் தொடங்கிய எல் அலமைன் போரிலும் 8-ஆவது கவசப் பிரிகேடின் பகுதியாகப் போரிட்டது.

அப்போதைய தலைவர் லெப்டினன்ட் கர்னல் எட்வர்டு கெல்லெட், பர்மிங்ஹாமின் ஆஸ்டன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரும் ஆவார். 1943 மார்ச்சில் துனிசியாவில் அவர் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற டானி பிளேயர் அடுத்த மாதமே இறந்தார். பாலைவனத்தில் கல்லறையின்றிப் போனவர்களின் பெயர்கள் இரு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. இப்படை இடம்பெற்றிருந்த பிரிட்டிஷ் எட்டாவது ராணுவத்தில் 1943 பிப்ரவரி நடுப்பகுதிவரை இறந்தவர்கள் அலமைன் நினைவுச் சின்னத்திலும், அதற்குப் பின் இறந்தவர்கள் துனிசியாவின் மெஜஸ் எல் பாப் நினைவுச் சின்னத்திலும் இடம்பெற்றுள்ளனர்.

இக்காலத்தைப் பலரும் அறிவது கவிஞர் கீத் டக்ளஸின் எழுத்து வழியாகத்தான். 1920-இல் பிறந்த அவர், டிவிஷன் தலைமையகத்தில் அலுவலகப் பணி பிடிக்காமல், உத்தரவை மீறி ஒரு லாரியை எடுத்துக்கொண்டு அலமைன் போர்முனையில் இருந்த தம் படைக்குப் போய்ச் சேர்ந்தார். ‘அலமைன் டு ஜெம் ஜெம்’ என்ற அவரது உரைநடை நூல் 1946-இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அதில் சக அதிகாரிகளுக்கு மாற்றுப் பெயர் சூட்டியிருந்தார். ‘பிக்காடில்லி ஜிம்’ என்று வருபவர் கெல்லெட். ‘அரிஸ்டோகிராட்ஸ்’ என்ற கவிதை, துனிசியாவில் மடிந்த அதிகாரிகளை, குறிப்பாக பிளேயரை மனதில் வைத்து எழுதப்பட்டது.

நார்மண்டி, 1944

ஆவணங்கள் மிகுதியாகக் கிடைப்பது இந்தக் கோடைக்காலத்துக்கே.

நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் கரையிறங்கிய ஜூன் 6 அன்று, இப்படையின் பி, சி ஸ்குவாட்ரன்கள் ‘கோல்டு’ கடற்கரையை நோக்கி வந்தன. அவர்களிடம் இருந்தவை, கான்வாஸ் திரையை உயர்த்தி, சிறு உந்துவிசிறிகளால் கடலில் மிதந்து வரும் ஷெர்மன் டாங்கிகள். அன்று அலைகள் அந்தத் திரைகளால் தாங்க முடியாத அளவுக்கு எழுந்தன. சில டாங்கிகள் மூழ்கின. இளம் அதிகாரி ஸ்டூவர்ட் ஹில்ஸின் டாங்கியும் அவற்றில் ஒன்று. அவரும் குழுவினரும் ரப்பர் படகில் ஏறித் தப்பி, மறுநாள்தான் கரை சேர்ந்தனர்.

ஜூன் 7 அன்று பாயோ நகரம் பெரிய சேதமின்றி விடுவிக்கப்பட்டது. நகருக்குள் முதலில் நுழைந்தவர்கள் ஷெர்வுட் ரேஞ்சர்ஸ் என்றும், உடன் வந்த எசெக்ஸ் காலாட்படை என்றும், வேறு பிரிவினர் என்றும் கூறுவர். வெவ்வேறு சாலைகளில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பல பிரிவுகள் நுழைந்ததால் இவற்றில் ஒன்றை மட்டும் ஏற்பது கடினம்.

அடுத்த சில நாட்கள் கொடியவை. ஜூன் 9 அன்று சென் பியேர் கிராமத்தருகே உளவு பார்த்துத் திரும்புகையில் டக்ளஸ் மோர்ட்டார் குண்டுவீச்சில் இறந்தார், வயது 24. உடலில் காயமே தெரியவில்லை என்றும், மிகச் சிறிய உலோகத் துணுக்கு பாய்ந்திருக்கலாம் என்றும் கூறப்படுகிறது. ஜூன் 11 அன்று அதே கிராமத்தில் படைத் தலைமையகத்தின் மீது விழுந்த ஒரே குண்டு, பொறுப்புத் தலைவர் மேஜர் மைக்கேல் லேகாக், அட்ஜுடன்ட், உளவு அதிகாரி மூவரையும் கொன்றது. ஸ்டான்லி கிறிஸ்டோபர்சன் தலைமையேற்றார். போர் முடியும்வரை அவரே தலைவராக இருந்தார்.

ஷெர்மனில் வழக்கமாக ஐவர்: தளபதி, பீரங்கி சுடுபவர், குண்டு நிரப்பி வயர்லெஸ் கருவியையும் கவனிப்பவர், ஓட்டுநர், துணை ஓட்டுநர். எதிரிக் குண்டு துளைத்தால் தப்புவதற்குச் சில நொடிகளே கிடைக்கும். டாங்கி எளிதில் தீப்பிடிக்க பெட்ரோல் எஞ்சினே காரணம் என்று அன்றைய வீரர்கள் நம்பினர். உள்ளே அடுக்கிவைத்த குண்டுகள் பற்றிக்கொண்டதே பெரும்பாலும் காரணம் என்பது பின்னாளைய ஆய்வாளர்களின் கருத்து. எதுவானாலும், எரிந்த டாங்கிக்குள் யார் யார் என்று பிரித்தறிவது பெரும் துயரமான வேலை.

அந்த வேலையைத் தன்னுடையதாக ஏற்றவர் படைப் பாதிரியார் லெஸ்லி ஸ்கின்னர். யார்க்கில் 1912-இல் பிறந்த மெதடிஸ்ட் குரு. நார்மண்டியில் முதலில் கரையிறங்கிய பிரிட்டிஷ் பாதிரியார் அவரே என்பர். ஒரு டாங்கி அழிந்து, அதன் ஆட்கள் கணக்கில் வராவிட்டால், குண்டுவீச்சு ஓயாத இடத்திலும் அவர் தேடிப் போனார். எரிந்த டாங்கிக்குள் தானே இறங்கினார். சாம்பலையும் எலும்புகளையும் கைகளால் பிரித்தெடுத்தார். உடல்களைப் போர்வையில் வைத்துத் தைத்தார். குமட்டி வாந்தி எடுத்ததையும் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். உதவிக்கு ஆள் அனுப்ப அதிகாரிகள் முன்வந்தபோது மறுத்துவிட்டார். நாளைக்கு அதே போன்ற டாங்கிக்குள் உட்கார வேண்டியவர்கள் இதைப் பார்க்கக் கூடாது என்பதே காரணம்.

டக்ளஸை வேலியோரம் அடக்கம் செய்தவரும் ஸ்கின்னர்தான். ஒவ்வொரு குழியின் இடத்தையும் வரைபட எண்ணோடு குறித்துக்கொண்டார். இறந்தவரின் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். ஜூன் இறுதியில் தலையில் காயம்பட்டு இங்கிலாந்து அனுப்பப்பட்டவர், சில வாரங்களில் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தார். ‘தி மேன் ஹூ வொர்க்டு ஆன் சண்டேஸ்’ என்ற தலைப்பில் நூலாக வந்துள்ள அந்த நாட்குறிப்பு, பதவியையோ குடும்பப் பெருமையையோ பாராமல் எல்லாச் சாவுகளுக்கும் ஒரே அளவு இடம் தருகிறது.

கல்லறைகள்

போரில் இறந்தோரைத் தாய்நாட்டுக்கு எடுத்துச் செல்லாமல் இறந்த நாட்டிலேயே அடக்கம் செய்வது அன்றைய பிரிட்டிஷ் கொள்கை. வேலியோரங்களிலும் தோட்டங்களிலும் இருந்த குழிகள் பின்னர் தோண்டப்பட்டு, உடல்கள் பொதுக் கல்லறைத் தோட்டங்களுக்கு மாற்றப்பட்டன. ஸ்கின்னர் போன்றவர்களின் குறிப்புகள் இதற்கு இன்றியமையாதவை. டக்ளஸ் இப்போது டில்லி-சூர்-சல் போர்க் கல்லறையில் உள்ளார்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பதவி பாராது எல்லோருக்கும் ஒரே அளவு கல்லையே நடுகிறது. உடல்களைப் பிரிக்க முடியாத குழுவினருக்குக் கூட்டுக் கல்லறை. அவர்களின் கற்கள் மட்டும் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும். உடலே கிடைக்காதோரின் பெயர்கள் பாயோ நினைவுச் சின்னத்தில் உள்ள 1,800-க்கும் மேற்பட்ட பெயர்களோடு சேர்ந்துள்ளன.

செப்டம்பர் 1944 முதல் போர் முடிவுவரை

பெல்ஜியத்தின் கீல் நகரில் செப்டம்பரில் கடும் இழப்பு நேர்ந்தது. அம்மாத இறுதியில் நைமேகன் அருகே ஜெர்மன் எல்லையைக் கடந்த முதல் பிரிட்டிஷ் படையினர் தாங்களே என்பது ஷெர்வுட் ரேஞ்சர்ஸின் நெடுநாள் உரிமைக்கோரல். நவம்பரில் கெய்லன்கிர்ஹன் போரில் அமெரிக்காவின் 84-ஆவது டிவிஷனுக்குத் துணை நின்றது. பிறகு ரைன் நதியைக் கடந்து, 1945 மே மாதம் வடஜெர்மனியில் போரை முடித்தது.

நூல்கள்

படையின் அதிகாரபூர்வ வரலாற்றை டி. எம். லிண்ட்சே எழுதினார், அது 1952-இல் வெளிவந்தது. ஹில்ஸின் ‘பை டேங்க் இன்டு நார்மண்டி’ 2002-இலும், கிறிஸ்டோபர்சனின் நாட்குறிப்புகள் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஹாலந்தின் பதிப்பில் 2014-இலும், டேவிட் ரெண்டரின் ‘டேங்க் ஆக்‌ஷன்’ 2016-இலும் வந்தன. இவர்கள் அனைவரும் அதிகாரிகள். சாதாரண வீரராக இருந்து எழுதிய ஆர்தர் ரெடிஷ் போன்றோர் மிகச் சிலரே. அதனால் டாங்கித் தளபதியின் கண்ணில் பட்ட போர் விரிவாகவும், ஓட்டுநரும் குண்டு நிரப்புபவரும் கண்ட போர் சுருக்கமாகவும் பதிவாகியுள்ளன. ஸ்கின்னரின் குறிப்புகள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. அவர் 2001-இல் காலமானார்.

அண்மைக்காலம்

1967-இல் ராயல் யோமன்ரி உருவானபோது ஷெர்வுட் ரேஞ்சர்ஸ் அதன் ஒரு ஸ்குவாட்ரனாகச் சுருங்கியது. நாட்டிங்ஹாம்ஷயரின் தோர்ஸ்பி எஸ்டேட்டில் உள்ள அருங்காட்சியகம் படையின் பொருட்களைக் காட்சிக்கு வைத்துள்ளது. 2021-இல் வெர்-சூர்-மெரில் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் நார்மண்டி நினைவகம், பிரிட்டிஷ் தலைமையின் கீழ் அங்கு இறந்த 22,442 பேரின் பெயர்களைத் தாங்கியுள்ளது. பெயர்கள் படைவாரியாக அல்லாமல் இறந்த தேதி வரிசையில் உள்ளன. அதே ஆண்டில் ஹாலந்தின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ வெளிவந்தது. நார்மண்டி முதல் போர் முடிவுவரை இப்படையின் பயணத்தை அந்நூல் கூறுகிறது.